பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு டயரும் வீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.எக்ஸ் 100, ஆர்.டி 350, சி.பி.இசட், கரிஸ்மா, முதல் ஆர்15, நிஞ்ஜா 250ஆர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் போர்டிகோவிலும் தேங்காய்ப் புரையிலும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த வண்டிகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல கைகள் உண்டு. டயர், வீல் என்று வரும்போதுதான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய வண்டியை மறுபடி எழுப்புகிற தம்பிமார் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில இடங்களில் அது என் சொந்தத் தீர்ப்பு. அங்கே அப்படியே சொல்லியிருக்கிறேன்.

வண்டி முழுசாகப் பிரித்துக் கிடக்கிறது. டயர் எப்போது வாங்கணும்?

எந்த அளவு என்பதை முதலிலேயே முடிவு பண்ணுங்கள். வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

டயரின் அளவைத் தீர்மானிப்பது ரிம். ரிம் எது என்று தெரிந்தால்தான் ஸ்விங் ஆர்முக்குள் (பின்வீலைப் பிடித்திருக்கும் கவை) எவ்வளவு இடம் மிஞ்சும், மட்கார்டு உரசுமா, செயின் நேராக ஓடுமா என்பதெல்லாம் தெரியும். சேசிஸுக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு டயர் உரசுகிறது என்று கண்டுபிடித்தால், புதுப் பெயின்ட்டின் மேல் கிரைண்டர் வைக்க வேண்டியிருக்கும். அதே நேரத்தில், ஆறு மாதம் கழித்து ஓடப்போகிற வண்டிக்கு இன்றைக்கே டயர் வாங்கி மூலையில் சாத்தி வைத்தால், அதன் வயது சும்மா கழியும். வீல் வேலை முடிந்து, வண்டி தரையில் நிற்கப் போகிற வாரத்தில் வாங்கினால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட், ஸ்டிக்கர், சைலன்சர் எல்லாம் முடிந்து கையில் மிஞ்சியதில் டயர் வாங்குவதுதான் இங்கே வழக்கம். கை இறுக்கமாக இருந்தால் பெயின்ட்டை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். டயரையும் பேரிங்கையும் தள்ளிப் போடாதீர்கள்.

பழைய டயரில் பட்டன் அப்படியே இருக்கிறதே, அதையே ஓட்டக் கூடாதா?

பட்டனை, அதாவது டயரின் மேலே நிற்கும் ரப்பர் கட்டைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர்; அதைச் சுவரில் மாட்டி வைக்கலாம், வண்டியில் மாட்டக் கூடாது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ரப்பரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஆள் இல்லாத வீடு குறைவு. அதே ரப்பருடன் செயற்கை ரப்பர், கார்பன் கருப்பு, கந்தகம் எல்லாம் சேர்த்து வேகவைத்ததுதான் டயர். வெயிலிலும் காற்றிலும் வெடிப்பு விழாமல் இருக்க அதில் ஒரு வகை மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருக்கும். டயர் ஓடி நெளியும்போது அவை உள்ளிருந்து மேலே வந்து ரப்பரைக் காக்கும். நின்ற வண்டியில் டயர் நெளிவதில்லை, அதனால் அந்தக் காப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. ஓடிய வண்டியின் டயரைவிட, ஓடாமல் நின்ற வண்டியின் டயரில் சீக்கிரம் வெடிப்பு விழுவது இதனால்தான்.

பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு, பட்டன்களின் அடிவாரத்தில் கீறல், நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்காத இறுக்கம், ஒரே இடத்தில் நின்று தட்டையான அடிப்பக்கம். இதில் எது இருந்தாலும் டயரை மாற்றுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும், ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடந்தோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் தாண்டியது எப்படி இருந்தாலும் வேண்டாம். பழைய டயர் காய்ந்த தார் ரோட்டில் உங்களை ஏமாற்றிவிடும், நன்றாகத்தான் ஓடும். ஆடிச் சாரலில் பிரேக் பிடிக்கும்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியும்.

டயரில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

கரிஸ்மாவை எடுத்துக்கொள்வோம். 2003இல் வந்தபோது முன்னால் 2.75-18 42பி, பின்னால் 100/90-18 56பி. முன் டயரில் அகலம் அங்குலத்தில், 2.75. பின் டயரில் அகலம் 100 மி.மீ, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 42 என்றால் 150 கிலோ, 56 என்றால் 224 கிலோ. கடைசி எழுத்து வேகம்: ஜே 100 கி.மீ, எல் 120, பி 150, எஸ் 180, எச் 210. வண்டிக் கம்பெனி கொடுத்ததைவிட சுமையும் வேகமும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. "நான் வேகமாகப் போகமாட்டேன்" என்று சொல்லி ஜே போட்ட மொபெட் டயரை ஸ்போர்ட்ஸ் பைக்கில் மாட்டுவது தப்பு. பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஓடும்போது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது.

அளவுக்கு நடுவில் வெறும் கோடு இருந்தால் பயாஸ் டயர் (உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுவது), ஆர் இருந்தால் ரேடியல் (நூல்கள் ஓரத்துக்கு ஓரம் நேராக ஓடுவது). ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ் 15627 என்ற எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணே, கரிஸ்மாவுக்குப் பின்னால் 120 போட்டால் லுக்காக இருக்குமே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீலைக் கழுவி, ரிம்மில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 1.85, 2.15, 2.50 என்று ஏதாவது இருக்கும். டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கும் இடையிலுள்ள அகலம் அது, அங்குலக் கணக்கில். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இன்ன அகலத்திலிருந்து இன்ன அகலம் வரை என்று ஒரு வரம்பு உண்டு. 100/90க்கு 2.15 முதல் 2.75 வரை. 110/90க்கு 2.15 முதல் 3.00 வரை. 120/80க்கு ஆகக் குறைந்தது 2.50 வேண்டும். 130/70க்கு 3.00.

இப்போது 2.15 ரிம்மில் 120 டயரை ஏற்றினால் என்ன ஆகும்? டயரின் இரண்டு ஓரமும் உள்பக்கமாக இழுபட்டு, நடுப்பகுதி கூம்பிப் போகும். அகலமான டயர் வாங்கியும் நேராக ஓடும்போது ரோட்டைத் தொடும் இடம் கூடாது. நடுவில் ஒரு பட்டை மட்டும் சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகும். வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரே சீராகச் சாயாமல் முதலில் தயங்கி, பிறகு சடாரென்று விழுவது போலிருக்கும். கீரிப்பாறை ரோட்டிலும் பாலமோர் ஏற்றத்திலும் ஒரு கொண்டை ஊசி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அங்கே இந்தத் தயக்கம் பயமுறுத்தும்.

உயரத்தையும் கணக்குப் போடுங்கள். 18 அங்குலம் என்பது 457 மி.மீ. 100/90 டயரின் இரண்டு பக்கச்சுவரையும் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 637 மி.மீ. புல்லட் கிளாசிக்கில் வந்த 110/90-18ஐ நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அதன் விட்டம் 655. வண்டியின் பின்பக்கம் 9 மி.மீ உயரும், கியர் ஏறக்குறைய 3 சதவீதம் நீளும். அதாவது ஒவ்வொரு கியரிலும் இழுவை அந்த அளவு குறையும். டயரின் எடையும் கூடுவதால் ஷாக் அப்சார்பருக்கு வேலை அதிகம். பழைய எஞ்சினைப் போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, மீட்டெடுத்த இழுவையை டயரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

செயின், செயின் கவர், மட்கார்டு, ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரல் போகிற இடைவெளியாவது எப்போதும் வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும்போது இருந்தால் போதாது. ஓடும்போது டயர் கொஞ்சம் விரியும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்விங் ஆர்ம் மேலே வரும், செயின் இறுக்க இறுக்க வீல் பின்னால் நகரும்.

ரிம் 2.15 என்றால் 110தான் எல்லை, அதுவும் கடைசி விளிம்பு. என்னைக் கேட்டால் 100/90 போதும். அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் அந்த டயருக்குத்தான் பொருத்தினார்கள். நல்ல புது 100/90 போட்ட கரிஸ்மா, கனத்த பழைய டயர் போட்ட கரிஸ்மாவைவிட எல்லா வளைவிலும் நன்றாகப் போகும்.

முதல் ஆர்15க்கு இரண்டாவது ஆர்15இன் 130 டயரைப் போடலாமா?

2008இல் வந்த முதல் ஆர்15க்குப் பின்னால் 100/80-17. 2011இல் வந்த இரண்டாவதற்கு 130/70-17 ரேடியல். டயரை மட்டும் மாற்றினால் மேலே சொன்ன கதைதான்: பழைய ரிம் அதற்குப் போதாது. விட்டமும் 592இலிருந்து 614 மி.மீ ஆகிவிடும்.

செய்தே தீர வேண்டும் என்றால் இரண்டாவது ஆர்15இன் வீல், ஸ்விங் ஆர்ம், ஆக்சில், பிரேக் எல்லாவற்றையும் ஒரு செட்டாக எடுங்கள். செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேரான கம்பி வைத்துப் பாருங்கள். ஒரு பொருள் இந்த வண்டியிலிருந்து, இன்னொன்று வேறு வண்டியிலிருந்து, நடுவில் லேத்தில் கடைந்த புஷ் என்று போனால் முடிவே இல்லாமல் இழுக்கும்.

18 அங்குல வீலை 17 ஆக்கினால் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் நிறையக் கிடைக்குமாமே?

கிடைக்கும், உண்மைதான். ஆனால் முன்வீல் சிறிதானால் ஸ்டியரிங்கின் கோணமும் டிரெயிலும் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) மாறும், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், ஸ்டாண்டும் தரை இடைவெளியும் ஒத்து வராது. ஆர்.டி 350, சி.பி.இசட், கரிஸ்மா போன்ற வண்டிகளுக்கு 18லேயே இருங்கள் என்பதுதான் என் பதில். நிஞ்ஜா 250ஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை: முன்னால் 110/70-17, பின்னால் 130/70-17, இரண்டுமே எளிதாகக் கிடைக்கும் அளவு.

வெளிநாட்டு டயர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 100/90-18 என்பது அங்கே பல பெரிய பழைய வண்டிகளின் முன் டயர் அளவு. அதனால் அந்த அளவில் வரும் டயர் பெரும்பாலும் முன்வீலுக்கென்று செய்ததாக இருக்கும். பக்கவாட்டில் எந்த வீலுக்கு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

டியூப் வைத்த வீலை டியூப்லெஸ் ஆக்கலாமா?

ஸ்போக் வீல் என்றால் வேண்டாம். ஸ்போக் ஓட்டை வழியாகக் காற்று போகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. பழைய ஸ்போக் ரிம்களில் டபிள்யூ.எம் என்று பொறித்திருக்கும், டபிள்யூ.எம் 2 என்றால் 1.85 அங்குலம், டபிள்யூ.எம் 3 என்றால் 2.15. டியூப்லெஸுக்கு ஏற்ற ரிம்மில் எம்.டி என்று இருக்கும். எம்.டி ரிம்மின் உள்ளே, டயரின் ஓரக்கம்பி உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு ஓடும். காற்று இறங்கினாலும் டயர் நழுவி நடுப்பள்ளத்தில் விழாமல் அந்த மேடுதான் தடுக்கும். டபிள்யூ.எம் ரிம்மில் அது கிடையாது. ஸ்போக் தலைகளைப் பசை போட்டு அடைத்துக் காற்றை நிறுத்திவிடலாம், மேட்டை உண்டாக்க முடியாது.

அலாய் வீலில் எம்.டி என்று இருந்து, உள்பக்கம் அரிப்போ கீறலோ இல்லாமல் சுத்தமாக இருந்தால் மாற்றலாம். டியூப் வால்வுக்கான ஓட்டை சுமார் 8 மி.மீ. சாதாரண ரப்பர் டியூப்லெஸ் வால்வுக்கு 11 மி.மீட்டருக்கு மேல் வேண்டும். டிரில் போட்டுப் பெரிதாக்காதீர்கள், 8 மி.மீ ஓட்டைக்கே நட்டு போட்டு இறுக்குகிற உலோக வால்வு இருக்கிறது.

டியூப்லெஸின் பயன் எனக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும்போது ஆணி ஏறினால், டியூப் டயர் சில நொடிகளில் சப்பையாகிவிடும். டியூப்லெஸ் மெதுவாக இறங்கி, வண்டியை ஓரம் கட்ட நேரம் கொடுக்கும். ஆனால் அது ரிம் அனுமதித்தால் மட்டும்.

டியூப்பில் தொடர்கிறவர்கள் புது டயருக்குப் புது டியூப் போடுங்கள், அளவு டயரோடு ஒத்துப்போக வேண்டும். பழைய டியூப் நீண்டு பெரிதாகியிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பில் அறுபடும். ஸ்போக் ரிம்முக்கு உள்ளே போடும் ரப்பர் பட்டையையும் புதிதாக மாற்றுங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் வைப்பதாக இருந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது டியூப்பை அரிக்கும். வால்வு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டயர் ரிம்மில் நழுவுகிறது என்று அர்த்தம். உடனே காற்றை இறக்கி நேராக்குங்கள்.

குளச்சலில் இருக்கிறேன், கடலுக்கு அரை கிலோமீட்டர். ஸ்போக் வீலா, அலாயா?

வண்டி எதோடு வந்ததோ அதுதான் அழகு. ஆர்.எக்ஸ் 100க்கும் ஆர்.டி 350க்கும் ஸ்போக்தான். அலாய் போட்ட ஆர்.எக்ஸைப் பார்த்தால் எனக்கு மனசு ஒட்டாது. ஆனால் கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல் என்று கடலோரத்தில் வண்டி நிற்பவர்களுக்கு ஸ்போக் வீல் கூடுதல் பராமரிப்பு கேட்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

குரோம் ரிம் வெளியே பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றிருக்கும். டயரையும் ரப்பர் பட்டையையும் கழற்றி, நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) ஓட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். துரு செதிலாக உதிர்ந்தாலோ, ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலோ அந்த ரிம் வேண்டாம். குரோம் மறுபடி பூசினால் துருப்பிடித்த தகடு பலம் பெறாது. ஸ்டெயின்லெஸ் ஸ்போக், நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் என்று போனால் உப்புக்காற்றைத் தாங்கும். அலுமினிய ரிம் வாங்க வசதி இருந்தால் எக்செல், டி.ஐ.டி போன்ற ஜப்பான் கம்பெனிகளின் ரிம்கள் உண்டு. வாங்கும் முன் ஓட்டைகளின் எண்ணிக்கை உங்கள் ஹப்போடு (வீலின் நடு உருளை) ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அலுமினியமும் ஸ்டீலும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரிக்கும், அதனால் நிப்பிளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தொட்டு மாட்டச் சொல்லுங்கள். கடற்கரை ரோட்டில் போய்வந்த பிறகு நல்ல தண்ணீரில் வீலைக் கழுவுவது எல்லாவற்றையும்விட மலிவான மருந்து.

ஸ்போக் கட்டி பெண்ட் எடுப்பது தனிக் கலை. நிறைய இளம் மெக்கானிக்குகளுக்கு இப்போது அந்தப் பழக்கம் இல்லை. சைக்கிள் காலத்திலிருந்து வீல் கட்டுகிற வயதான கைகள் இருந்தால் தேடிப் போய்க் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஆக்சிலில் மாட்டிச் சுற்றி, ஒரு கம்பியை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் 2 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஹோண்டா கையேடுகள் வரம்பு வைக்கின்றன. நன்றாகக் கட்டிய வீலில் அதில் பாதிகூட இருக்காது. சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டினால் ஏறக்குறைய ஒரே சத்தம் வர வேண்டும். மொட்டையான சத்தம் வந்தால் அது தளர்ந்த ஸ்போக். உள்ளே நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அரத்தால் ராவச் சொல்ல மறக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்போக் கொஞ்சம் இளகும். மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

அலாய் வீலில் சின்ன வளைவு இருக்கிறது. தட்டி எடுத்துவிடலாமா?

விளிம்பில் லேசான வளைவு என்றால், அதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிற இடத்தில் நேராக்கலாம். விரிசல் விழுந்திருந்தால் அந்த வீலின் வாழ்வு முடிந்தது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், முக்கியமாக முன்வீலை. வார்ப்பு அலுமினியம் வெல்டிங் சூட்டில் பக்கத்து இடத்தில் பலம் இழக்கும், அடுத்த பள்ளத்தில் அங்கே உடையும்.

பழைய வீல் வாங்கும்போது பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், விரிசலை மறைக்க அடித்திருக்கலாம். ஆரம் ஹப்போடு சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

பவுடர் கோட்டிங் போடலாமா?

போடலாம், நன்றாக நிற்கும். பேரிங், ஆயில் சீல், வால்வு எல்லாம் கழற்றின பிறகுதான் கொடுக்க வேண்டும். அடுப்பில் சூடு 200 டிகிரி வரை போகும். பேரிங் உட்காரும் குழி, டிஸ்க் உட்காரும் முகம், ஆக்சில் ஸ்பேசர் தொடும் இடம் இந்த மூன்றிலும் கோட்டிங் படக் கூடாது. டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கு அடியில் ஒரு பக்கம் கோட்டிங் தடித்து நின்றாலே பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிக்கும்.

வீல் கழற்றியாச்சு. கூடவே வேறு என்ன பார்க்கணும்?

பேரிங்கை மாற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எண் பேரிங்கிலேயே இருக்கும், 6301, 6202 மாதிரி. அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்.எஸ் வகையைக் கேளுங்கள். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற நம்ம ஊருக்கு அதுதான் சரி. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதை மறந்துவிட்டு ஆக்சிலை இறுக்கினால் புது பேரிங் சீக்கிரமே ஊளையிடும்.

பின் ஹப்பிலுள்ள டேம்பர் ரப்பர்கள் காய்ந்து சுருங்கியிருந்தால் செயின் வெட்டி வெட்டி இழுக்கும், மாற்றுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் இருக்கும். அந்த எண்ணைத் தாண்டியிருந்தால் புது பிரேக் ஷூவோ பேடோ போட்டுப் பயனில்லை.

நம்ம ஊர் மழைக்கு எந்த மாதிரி பட்டன் நல்லது?

ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. தமிழ்நாட்டில் வேறு பல மாவட்டங்களுக்கு ஒரு மழைக்காலத்தைப் பார்த்து டயர் எடுத்தால் போதும், நமக்கு அது போதாது. ஆகையால் ஈரப்பிடிப்புதான் முதல் தகுதி, தேய்மானம் இரண்டாவது.

நடுவிலிருந்து ஓரம் வரை தண்ணீரை வெளியே தள்ளும் தொடர்ச்சியான வாய்க்கால் உள்ள சாலை டயராக எடுங்கள். பெரிய பெரிய கட்டையாக நிற்கும் மண்ரோட்டு டயர் பார்க்க முரடாக இருக்கும், ஈரத் தாரில் அதன் பிடி குறைவு. வடிவத்தைவிடக் கலவைதான் முக்கியம். சிலிக்கா சேர்த்த மென்மையான கலவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், கொஞ்சம் சீக்கிரம் தேயும். அந்தத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

பைக் டயர் வளைவாக இருப்பதால், தேங்கிய தண்ணீர் மேல் மிதப்பது காரைவிடக் குறைவு. நம்மை விழ வைப்பது பெரும்பாலும் முதல் மழையில் கிளம்பும் எண்ணெயும் மண்ணும் கலந்த சேற்றுப்படலம். ரப்பர் தோட்டத்து ரோடுகளில் தை, மாசியில் உதிரும் இலைமேல் பனியோ தூறலோ விழுந்தாலும் அப்படித்தான். கடலோரத்தில் காற்று அள்ளி வரும் மணல். இந்த மூன்றுக்கும் எந்த டயரும் மந்திரம் வைத்திருக்கவில்லை, வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும்.

வாய்க்காலுக்குள் சின்னச் சின்ன மேடுகள் தெரியும், அதுதான் தேய்மான அடையாளம். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. நான் அதுவரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். வைகாசியில் பார்க்கும்போது 2 மி.மீ அளவில் இருந்தால், மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

எந்தக் கம்பெனி?

பழைய 18 அங்குல அளவுகளுக்கு எம்.ஆர்.எஃப், மதுரையின் டி.வி.எஸ் யூரோகிரிப், சியட் எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. அளவும் சுமையும் சரியாக இருந்தால், இரண்டு கம்பெனியில் எதன் தேதி புதிதோ அதை எடுப்பேன். அதிகம் விற்காத அளவு கடையில் வருடக்கணக்கில் தூங்கியிருக்கும். தேதி பார்க்காமல் பில் போடச் சொல்லாதீர்கள்.

முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி போடலாமா?

முடிந்தால் ஒரே ஜோடியாகப் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டும் ஒரே வகையாக, பயாஸ் என்றால் இரண்டும் பயாஸாக இருக்கட்டும். இரண்டாவது ஆர்15இல் முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்று கம்பெனியே கொடுத்தது. அப்படிக் கம்பெனி சோதித்துக் கொடுத்த கலவை வேறு, நாமாகக் கலப்பது வேறு. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று மட்டும் போகவே வேண்டாம்.

கடையில் மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

அம்புக்குறி வீல் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். காற்று அடித்ததும் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வையுங்கள். அலாய் வீலுக்கு டயர் நெம்பும் லிவர் போடும்போது விளிம்பில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள்.

பேலன்ஸ் பார்க்க மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆக்சிலை இரண்டு ஸ்டாண்டின் மேல் வைத்து வீலைச் சுதந்திரமாக விட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும், எதிர்ப்பக்கம் எடை ஒட்டலாம். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக்காற்று வண்டியைத் தள்ளும்போது ஹேண்டிலும் சேர்ந்து நடுங்கினால் எதனால் என்று பிரித்தறிய முடியாது. வீலைச் சந்தேகப்படத் தேவையில்லாமல் வைத்துக்கொள்வது நல்லது.

காற்று எவ்வளவு?

வண்டிக் கையேட்டிலோ செயின் கவர், ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ உள்ளபடி. நிஞ்ஜா 250ஆருக்கு முன்னால் 28, பின்னால் 32 பி.எஸ்.ஐ. பழைய ஸ்டிக்கரில் கிலோ கணக்கு இருந்தால் ஒரு கிலோவுக்கு 14.2 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் அதன் உச்ச வரம்பு, அதை அடிக்காதீர்கள். காலையில் வண்டி ஓடும் முன் அளக்க வேண்டும்.

புது டயர் வழுக்கும் என்கிறார்களே?

வழுக்கும். அச்சிலிருந்து வந்த மேற்பரப்பு மழமழவென்று இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை மெதுவாக, காய்ந்த ரோட்டில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டி ஓட்டுங்கள். முதல் நாளே மலைக்குப் போக வேண்டாம். பளபளப்புக்காக டயரில் பாலிஷ் தடவுவது ரோட்டில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

ஆர்.டி.ஓ ஆபீசில் பிரச்சினை வருமா?

நாகர்கோவிலின் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டிஎன் 75 ஆனாலும், 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். மொட்டை டயரோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அசல் அளவில் டயரும் வீலும் இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

கழற்றிய பழைய டயரை என்ன செய்வது?

போகிக்கு எரிக்காதீர்கள், அந்தப் புகை விஷம். யாருக்கும் இலவசமாகக் கொடுக்கவும் வேண்டாம். அது எங்கேயோ ஒரு பையனின் வண்டியில் ஏறிவிடும். பக்கச்சுவரை ஹாக்சா பிளேடால் ஒரு இடத்தில் அறுத்துவிட்டு, பழைய டயர் எடுக்கிற பஞ்சர் கடையில் போடுங்கள்.